பனித்திட்டு அகற்றும் விழா

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தபோது குளிரின் மீது முதல் வெற்றி கிடைத்தது. இரண்டாவது வெற்றி, எங்கள் ஊரில் குளிர்காலத் தொண்டர் சங்கம் தொடங்கப்பட்ட அன்று கிடைத்தது. நடுவில் நடந்தவையெல்லாம் சில்லறைச் சம்பவங்கள்.

இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். சங்கம் வாராவாரம் வெளியிடும் 'குளிர்காலச் செய்தி'க்கு ஆசிரியரும் நானே. ஆகவே நடுநிலையாகத்தான் சொல்கிறேன். பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கடிதம் எழுதும் வேலை. 'தங்கள் வீட்டுக் கூரை பறந்தது வருத்தத்திற்குரியது. ஆயினும் காற்று எங்கள் பொறுப்பல்ல' என்ற வகைக் கடிதங்கள். என் எழுத்து நடை அங்கே கைவந்தது.

எங்கள் ஊர் சின்னது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலிகள், ஒரு மருந்துக்கடை, நகரத்துக்குப் போய்வர ஒரு பேருந்து. சங்கம் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஊரில் எல்லோரும் தொண்டராகப் பதிந்துவிட்டார்கள். அங்கேதான் சிக்கல் முளைத்தது. தொண்டு செய்ய எல்லோரும் இருந்தோம். வாங்கிக்கொள்ள ஆள் மிஞ்சவில்லை.

ஊர்க்கோடியில் தனியாக இருக்கும் தையல்காரருக்குப் போர்வை கொடுக்கலாம் என்று படைதிரண்டு போனோம். அவர் வாசலில் ஒரு போர்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, குளிர்ல வந்திருக்கீங்க. முதல்ல இதப் போத்திக்குங்க" என்றார்.

"நாங்க உங்களுக்குக் கொண்டு வந்திருக்கோம்."

"நானும் மெம்பருங்க! வாங்குனா தப்பாயிடும்."

கடைசியில் போர்வைகள் பரஸ்பரம் வழங்கப்பட்டன. அவருடையதுதான் நல்ல கம்பளி.

அந்த வாரச் செய்தியில் நான் இப்படி எழுதினேன்: 'சென்ற வாரமும் நம் ஊரில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சங்கம் ஆழ்ந்த கவலை தெரிவித்துக்கொள்கிறது.'

இந்த இருண்ட காலத்தில்தான் என் அக்கா எங்களைக் காப்பாற்றினாள். அக்காதான் ஊரின் ஒரே பேருந்தை ஓட்டுபவள். காலையில் ஊரையே ஏற்றிக்கொண்டு போவாள். மாலையில் ஊரையே கொண்டுவந்து இறக்குவாள். ஆகவே அவளுக்கு மட்டும் சங்கத்தில் சேர நேரமில்லை. ஒரு நாள் மாலை வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். கையுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்தாள்.

"ஏன்டா தம்பி, மருந்துக்கடை முன்னாடி பஸ் ஸ்டாப்ல பாத்தியா? கூரைக் குழாய்லேர்ந்து தண்ணி சொட்டிச் சொட்டிக் கண்ணாடி மாதிரி ஐஸ் புடிச்சு நிக்குது. இறங்குற ஆளெல்லாம் டான்ஸ் ஆடுது. உங்க சங்கத்துல சொல்லி அத ஒழிங்கடா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"யாராவது விழுந்தாங்களாக்கா?"

"இன்னும் இல்ல."

"பரவாயில்ல, மனச விட்றாத."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் ஏற்கெனவே தலைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். 'வாயைத் திறங்க' என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, கூட்டத்துக்கு வந்தால் தன் வாயை மூட முடியாமல் போனவர். நூலக மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. எங்கள் நிருபரான ஜன்னல் அம்மா முதலில் பேசினார். மருந்துக்கடைக்கு எதிர் வீடு அவருடையது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடியே ஊர் நடப்பு முழுவதையும் திரட்டித் தருவார். பனித்திட்டு உண்மையில் இருக்கிறது என்றும், ஒரு மேசை அளவு இருக்கும் என்றும், மாலை வெயிலில் பார்க்க அழகாகவும் இருக்கிறது என்றும் அவர் உறுதி கூறினார்.

"உறுப்பினர்களே, இது சாதாரண ஐஸ் இல்ல. இது நம்ம கிட்ட ஒப்படைக்கப்பட்ட ஐஸ்" என்றார் தலைவர்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "கடையில ஒரு கடப்பாரை இருக்கு. காலைல நானே தட்டி எடுத்துப் போட்டுடவா?"

எல்லோரும் உறைந்து போனோம்.

"தட்டி எடுத்துட்டு?" என்று தலைவர் மென்மையாகக் கேட்டார், ஊசி போடுவதற்கு முன்பு கேட்பதுபோல. "அப்புறம் இத்தன பேரும் என்ன பண்றது? ஒருத்தர் அவசரப்படுறதுக்குப் பேரு தொண்டு இல்ல சார், சுயநலம்."

மருந்துக்கடைக்காரர் வெட்கி உட்கார்ந்தார். பிறகு தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. திட்டைச் சுற்றிக் கயிறு கட்டுவது. 'வழுக்கும், தொண்டரை அணுகவும்' என்று பலகை வைப்பது. காவலுக்கு ஆள் போடுவது. காவலர்களுக்குத் தேநீர் தர ஒரு குழு. தேநீர்க் குழு வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு குழு. விழுகிறவரைத் தூக்க ஸ்ட்ரெச்சர்க் குழு. கடைசியாக, நகரமன்றத் தலைவியை அழைத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'பனித்திட்டு அகற்றும் விழா' நடத்துவது.

அந்த வாரம் எங்கள் ஊர் வாழ்ந்த வாழ்வை என்னவென்று சொல்வேன்! பேருந்தை விட்டு இறங்கும் ஒவ்வொருவரையும் இரண்டு தொண்டர்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, திட்டுக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள். இறங்கியவர் உடனே கோட்டுக்கு மேல் சங்கத்தின் பட்டையை மாட்டிக்கொண்டு அடுத்தவரைத் தூக்கப் போனார். வரிசை முன்னேறவே இல்லை. ஸ்ட்ரெச்சர்க் குழு கணக்கு வாத்தியாரைப் படுக்கவைத்துத் தெருவெல்லாம் ஒத்திகை பார்த்தது. அவருக்கு அது பிடித்துப்போய் இறங்க மறுத்துவிட்டார்.

பேருந்துதான் தினமும் தாமதமானது. அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"டேய் தம்பி! ஐஸ எடுங்கடான்னா, ஆள எடுத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஞாயித்துக்கிழம எடுத்துடுவோம்க்கா. தலைவி வராங்க."

"அதுவரைக்கும் அது அங்கயே கெடக்கணுமா?"

"பின்ன? எடுக்குறதுக்கு இருக்க வேணாமா?"

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவள் பல்லைக் கடிப்பது வெளியே தெரிந்தது. தலைவர் அதைத் தொழில்முறையில் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை, எல்லோரும் இறங்கி வீடு சேர்ந்த பின், காவல் மாறும் நேரத்தில், ஜன்னல் அம்மாவிடமிருந்து அலறலாக ஒரு போன் வந்தது.

"செயலாளர் சார், திட்டக் காணோம்!"

ஓடினோம். கயிறு இருந்தது. பலகை இருந்தது. நடுவில் ஈரமான வெறும் தரை இருந்தது. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைக்கப்பட்டு, தண்ணீர் அதற்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் அம்மா கண்ணால் கண்ட சாட்சி. அக்கா பேருந்தை நிறுத்தினாளாம். டிப்போவிலிருந்து கொண்டுவந்த உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினாளாம். இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியால் நாலு தட்டுத் தட்டிக் காலால் ஒதுக்கினாளாம். வாளியை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டாளாம். ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதுதான் எங்கள் எல்லோரையும் அதிகம் புண்படுத்தியது.

விளக்கம் கேட்க நான் அனுப்பப்பட்டேன். அக்கா சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது சங்கம் அனுப்புன விசாரணை. முன் அனுமதி வாங்குனியா?"

"யார்கிட்ட? ஐஸ்கிட்டயா?"

"நீ தொண்டராப் பதிவு பண்ணல. பதிவு பண்ணாதவங்க செய்யிற தொண்டு செல்லாது."

"சரி, செல்ல வேணாம். வழுக்குதா இப்ப?"

"வழுக்கல."

"அப்ப உக்காந்து சாப்புடு."

சாப்பிட்டேன். எனக்குப் பிடித்ததையெல்லாம் என் தட்டில் தள்ளினாள். "நாலு நாளா முழங்கால் வலிக்குதுடா. ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்டாப்ல பிரேக்கப் புடிச்சுக்கிட்டே நிக்கிறேன், எல்லாரும் நல்லபடியா இறங்குறாங்களான்னு. இன்னிக்குத்தான் நிம்மதி. இனிமே பாக்காமயே இறங்கலாம்" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த நிமிடம் எனக்கு அக்காவின் மேல் சங்கத்தின் மேல் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான மரியாதை வந்துவிட்டது. பதவியின் கண்ணியம் கருதி அதை அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை மீண்டும் கூட்டம். தலைவர் முகம் வேரோடு பிடுங்கப்பட்டதுபோல் இருந்தது.

"தலைவி நாளைக்குக் காலைல வராங்க. 'குளிர்காலச் செய்தி' வீடு வீடாப் போயாச்சு. அகற்றுறதுக்கு ஒண்ணும் இல்லன்னா, நாம பொய் சொன்னதா ஆயிடும்."

"அகற்றியாச்சுன்னு சொல்லிடலாமே? நல்ல செய்திதான?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நல்லதுதான் சார். ஆனா அந்த நல்லத நாம பண்ணலியே!"

அச்சில் வந்த செய்தியை உண்மையாக்குவது ஆசிரியரின் கடமை என்று நானே முன்மொழிந்தேன். சங்கம் முழுவதும் ஊர்வலமாக மருந்துக்கடைக்குப் போனது. அக்கா வைத்த வாளியே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. செயலாளர் என்ற முறையில் முதல் வாளியை ஊற்றும் பெருமை எனக்குத் தரப்பட்டது. பிறகு ஆளாளுக்குப் போட்டி. தையல்காரர் வீட்டிலிருந்து குடம் கொண்டுவந்தார். கணக்கு வாத்தியார் பரப்பளவு சொன்னார். மருந்துக்கடைக்காரர்கூட ஒரு புட்டி ஊற்றினார். ஊரோடு ஒட்டாமல் கடை நடத்த முடியுமா? சங்கங்களைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதாகச் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். நாங்கள் உண்மையாகவே ஊற்றினோம். குளிரும் தன் பங்குக்கு ஒத்துழைத்தது. பழைய திட்டு மேசை அளவு என்றால், புதியது ஓர் அறை அளவு. மழமழவென்று, ஒரு கீறல் இல்லாமல், பேருந்தின் படி வந்து நிற்கும் இடம்வரை படர்ந்திருந்தது.

பலகையும் கயிறும் தலைவியின் பெயரை எழுதிச் சேர்ப்பதற்காக எடுத்துச் செல்லப்பட்டன. காவலர்கள் விழாவுக்குச் சட்டை தேய்க்க விடுவிக்கப்பட்டார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. போனைக் கையில்கூட எடுத்தேன். ஆனால் தீர்மானம் இரகசியமானது என்று நானே எழுதியிருந்தேன். என் எழுத்தை நானே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

ஞாயிறு காலை முதல் பேருந்து மருந்துக்கடை முன்னால் நின்றது. கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக ஒரு பெண் இறங்கக் காத்திருந்தாள். அக்கா இருக்கையிலிருந்து எழுந்து வந்து, "குழந்தையப் புடிச்சுக்கம்மா, வண்டிய நான் இறக்குறேன்" என்று சொல்லிவிட்டு, தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு, தரையைப் பார்க்காமல் இறங்கினாள்.

அந்தச் சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது என்று சொன்னால் மிகை. கேட்கவில்லை. ஆனால் நான் ஓடி வந்து பார்த்தபோது, அக்காவின் வலது கால், எந்தக் காலும் திரும்பாத ஒரு திசையில் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. ஐஸைத் தடவிப் பார்த்து, "எடுத்தேனேடா... நான் எடுத்தேனே இத..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்குள் சங்கம் வந்து சேர்ந்துவிட்டது. நெடுநாள் காத்திருந்த நேரம் அல்லவா! அக்காவின் ஒரு கைக்கு மூன்று தொண்டர், மறு கைக்கு நான்கு தொண்டர். ஸ்ட்ரெச்சர்க் குழு ஒத்திகையில் கணக்கு வாத்தியாரின் எடைக்குப் பழகியிருந்ததால், அக்காவைத் தூக்கும்போது இரண்டு முறை வழுக்கியது. தலைவர் தன்னையும் மறந்து, "வாயைத் திறங்க" என்றார். அக்கா திறந்தாள். அவள் சொன்னதை 'குளிர்காலச் செய்தி'யில் போட முடியாது.

நகரமன்றத் தலைவி சரியான நேரத்துக்கு வந்து ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு கடப்பாரையால் திட்டைத் தொட்டுத் தொடங்கிவைத்தார். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அத்தனை நேர்த்தியான வேலை.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குச் சங்கம் முழுவதும் நடந்தே போனோம். வேறு வேலையும் இல்லை. ஊரில் பேருந்து ஓட்ட ஆள் இல்லாததால் யாரும் வேலைக்குப் போகவில்லை. இடுப்புவரை மாவுக்கட்டோடு அக்கா சாய்ந்து படுத்திருந்தாள். கட்டிலைச் சுற்றி, சுவரோரம், கதவுக்கு வெளியேவரை தொண்டர்கள். சங்கத்தின் முதல் பயனாளி என்ற முறையில் அவளுக்கு ஒரு போர்வை அளிக்கப்பட்டது. தையல்காரருடைய கம்பளிதான். பின் தலைவர் என்னை நோக்கி, "செயலாளர் சார், இந்த வாரச் செய்தியப் படிங்க. அவங்க சந்தோஷப்படட்டும்" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்:

"'சனிக்கிழமை மாலை பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர் ஊற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து பனித்திட்டு உருவாக்கப்பட்டது. ஞாயிறு காலை ஓட்டுநர் ஒருவர் விழ நேரிட்டது. உடனடியாக அவர் தூக்கப்பட்டார். நம் தொண்டர்களின் சேவை அனைவராலும் பாராட்டப்பட்டது.'"

கைதட்டல் அடங்கியது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஊற்றப்பட்டதா?"

"ஆமாக்கா."

"யாரால?"

அக்கா மெல்லத் தலையைத் திருப்பி, கட்டிலைச் சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நான் யாரையும் திட்டப்போறது இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். ஊத்துனவங்க கை தூக்குங்க."

தொண்டர் என்பவர் யார்? கேட்பதற்கு முன்பே கை தூக்குபவர். எங்கள் சங்கத்தில் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட ஐம்பது கை உயரும். அன்று அந்த அறையில் ஊரே நின்றது. ஒரு கை உயரவில்லை.

என் கைகளைப் பற்றிக் கேட்கிறீர்களா? அவை கோட்டுப் பைக்குள் இருந்தன. அறை நல்ல கதகதப்பாகத்தான் இருந்தது.