ஊருக்கு பஸ் வேண்டும், வாசலுக்கு வேண்டாம்

நகரம் முன்னேற வேண்டும் என்று உயிரை விடுகிற ஒரு வகை மனிதர் உண்டு; அந்த முன்னேற்றம் தன் வாசலுக்கே வந்து நின்றால் மட்டும் அவருக்கு மூச்சு முட்டும். நீங்கள் பார்க்காதவரா என்ன? அந்த இனத்தில் ஒரு நல்ல உருப்படி, நம் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

கீழே கடை, மேலே வீடு, வாசலில் கார். கண் பரிசோதனைக்கு வந்து மோவாயைக் கருவியில் வைத்தவரால் வாயைத் திறக்க முடியாதல்லவா? அந்த வசதியில், ரோட்டில் நிழல் இல்லை, நடக்க நடைபாதை இல்லை, முக்கியமாக பஸ் இல்லை, திட்டம் போடுகிறவர்களுக்குத் தொலைநோக்கே இல்லை என்று ஒரே மூச்சில் பொரிந்து தள்ளுவார்.

ஒருநாள் அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வார்டு கூட்டத்தில் திட்டப் பொறியாளர் அம்மா வரைபடத்தை விரித்து, அந்தத் தெரு வழியாகவே பஸ் வரும் என்றார். எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியது கடைக்காரர்தான்.

"ஸ்டாப் உங்க கடை வாசல்ல சார். காரை மட்டும் வேற இடத்துல விட்டுக்கணும்."

தட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"பஸ் வேணாம்னு சொல்லல மேடம். பக்கத்துத் தெருவுல வரட்டுமே? வீட்ல வயசானவங்க இருக்காங்க. புகை, சத்தம்..."

"யாரு சார் வயசானவங்க?"

வீட்டில் மூத்தவர் அவரேதான்.

கவுன்சிலர் அவருக்கு வேண்டியவர். பஸ் பக்கத்துத் தெருவுக்குப் போனது. அங்கேயும் வாசல்கள் இருந்தன, வாசலுக்கொரு கார் இருந்தது, கார்க்காரர்களுக்கும் கவுன்சிலரைத் தெரிந்திருந்தது. தள்ளித் தள்ளி, கடைசியில் நிறுத்தம் ஊர்க்கோடியில் கிடங்குகளின் மதிலோரம் போய் நின்றது. அங்கே யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க ஆளே இல்லை.

கடைக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாளெல்லாம் நின்ற காலோடு மதிலோரம் இறங்கி, சேற்றில் நடந்து வருவார்.

"ஒரு நாளாவது கார்ல வந்து கூட்டிட்டுப் போகக்கூடாதா?"

"காரை எடுத்தா இடம் போயிடும்மா!"

ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் மனைவி. கடைக்காரர் பதறிப்போனார். ஐஸ் வைத்துக்கொண்டே கொதித்தார்.

"எந்த முட்டாள் அங்க போய் ஸ்டாப்ப வச்சான்?"

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஐஸ் பையைப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்துக்கு மனைவி கட்டுப் போட்ட காலோடு வந்தார்.

"எங்க வாசல்லயே வைங்க. கார் நிக்கிற இடத்துல பஸ் நிக்கட்டும்."

கடைக்காரர் எழுந்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

இப்போது பஸ் வாசலிலேயே நிற்கிறது. இறங்குகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்; வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. "இந்த பஸ்ஸுக்காக நான் எவ்வளவு போராடினேன் தெரியுமா?" என்கிறார். மனைவி பக்கத்தில் இல்லாதபோதுதான்.

படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்குமே? அவரிடமும் இதைக் கொடுத்துப் பாருங்கள். விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.