சிறுத்தைக்கு மீசை வரைந்த அண்ணாச்சி

இராஜபாளையத்தில் டச்சப் அண்ணாச்சியின் ஸ்டுடியோவுக்குள் போய், சொந்த முகத்தோடு வெளியே வந்தவர் ஒருவரும் கிடையாது. நெகட்டிவில் பென்சிலைத் தீட்டியே அம்மைத் தழும்பை நிரப்புவார். விழுந்த பல்லை முளைக்க வைப்பார். கேட்டால், ஆண்டவன் அவசரத்தில் விட்டதைத்தான் பார்க்கிறேன் என்பார்.

ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்க அவர் மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குப் போனபோது பேச்சுத் துணைக்கு நானும் போனேன். ஓடையில் நான் முன்னால், அவர் பின்னால். எதிர்ப்பாறையில் சிறுத்தை. அடுத்து நான் செய்ததை வீரமாகச் சொல்ல இத்தனை வருடமாக முயல்கிறேன், வழியில்லை. திரும்பி ஓடையோரமாகவே ஓடினேன். அண்ணாச்சியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு சிறுத்தையிடம், "நாடிய செத்த தூக்கு" என்றார். மோவாயைத் தூக்கியது என்று இன்றும் சாதிக்கிறார்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மலையின் பழைய படங்களுக்கு ஒரு கண்காட்சி. அண்ணாச்சியின் சிறுத்தையும் சுவரில் ஏறியது. படங்களைச் சரிபார்க்க வந்தவர் காட்டிலேயே கிடந்து படமெடுக்கும் இளைஞர். சிறுத்தையின் முன்னால் நின்றவர் நகரவேயில்லை.

"ஐயா, மீசை வரைஞ்ச மாதிரி இருக்கே?"

"வரைஞ்சதுதான்."

"மூக்குல ஒரு கீறல்கூட இல்லையே?"

"இருந்துச்சு. எடுத்துட்டேன். கல்யாணப் பொண்ணுக்குப் பரு எடுக்கேன், இதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

"அப்ப இது பொம்மை இல்லைன்னு எப்படி நம்ப?"

"பொம்மைக்கு எவன் தம்பி கீறல் வைப்பான்?"

நெகட்டிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் படத்தை இறக்கிவிடுவோம் என்றார் இளைஞர். பிரிண்டில் அண்ணாச்சி வெட்டியெறிந்த, நெகட்டிவில் இன்னும் இருக்கிற பாதியில் ஓடிக்கொண்டிருப்பவன் நான். பக்கத்தில் என் மைத்துனர் வேறு நிற்கிறார். அவர் வீட்டில் நான் சொல்லி வைத்த கதைப்படி, சிறுத்தையை முறைத்துத் துரத்தியவன் நான்.

நெகட்டிவ் அண்ணாச்சியின் தோள்பையிலேயே இருந்தது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"கரையான் தின்னுட்டு. பொய்ப் படம்னே வச்சுக்கிடுங்க. நானே கழட்டுதேன்."

படத்தைக் கழற்ற ஆணியில் கை வைத்தார். சிறுத்தை முன்னாலேயே கேமராவை இறக்காத கை. எனக்கு என்ன வந்ததோ, பையைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏலே, சும்மா கெட."

"விடுங்க அண்ணாச்சி. ஓடுனவன் நாந்தான, நானே காட்டுதேன்."

இளைஞர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் எடுத்து, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கிப் பார்த்தார். பாறையில் சிறுத்தை. கீழே, வாயைப் பிளந்தபடி நான். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிறுத்தையைக்கூட ஜோடிச்சுரலாம் ஐயா. இந்த மூஞ்சிய எவனாலயும் ஜோடிக்க முடியாது."

படம் சுவரிலேயே இருந்தது. மைத்துனர் சிரித்து முடிக்கும்வரை, செல்போனை வாங்கி என்னைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்று ஓடிய ஓட்டத்தில் என் வேட்டி முள்செடியோடு நின்றுவிட்டது. அது அண்ணாச்சிக்கும் எனக்கும் சிறுத்தைக்கும் மட்டும் தெரியும். படத்திலோ இடுப்பில் வெள்ளைவெளேரென்று ஒரு வேட்டி. ஓட்டத்துக்கேற்ற மடிப்பு.

சரிகைக் கரைகூடப் போட்டிருந்தார்.