அக்காவின் முகமும் வெள்ளைத் தகடும்

கொடிகாமம்
12.03.1989

அன்பு மருமகன் தயாபரனுக்கு மாமா கதிரவேலு எழுதிக்கொள்வது. கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு நீ சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. "அம்மா நல்ல சுகம்" என்று போன வருஷம் உனக்கு வந்த நாலு கடிதத்தையும் நான் ஒரே ஞாயிற்றுக்கிழமை குந்தியிருந்து எழுதி, மாதமொன்றாய்த் தபாலில் போட்டேன். மார்கழிக் கடிதத்தில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியதால் நீ பிடித்துவிட்டாய். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

அதனால்தானே அந்த வெள்ளைத் தகட்டை அனுப்பினாய்? உன் வேலையிடத்துக் கமரா இருநூறு நிறம் பிரித்துப் பார்க்குமாம், வாடப்போகிற இலையை வாட முதலே காட்டுமாம். ஆனால் எது வெள்ளை, எது இருட்டு என்று முதலில் காட்டிக்கொடுக்காவிட்டால் அது சொல்வதெல்லாம் பொய்யாம். மாமாவும் அந்தச் சாதிதான் எண்டு நினைச்சிட்டாய்! தகட்டைப் பிடித்தபடி அம்மா ஒரு படமெடுத்தால், ஸ்ரூடியோக்காரன் ஏற்றுகிற நிறத்தைக் கழித்துவிட்டு அவ வெளிறியிருக்கிறாவா என்று பார்ப்பாயாம்.

தகட்டில் விரல் படக்கூடாது என்றாய். நான் தொடவில்லை. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சவரம் செய்யப் போனேன், வந்து பார்த்தால் அதற்கு மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு.

"என்ன வேலையக்கா இது?"

"பிள்ளை அனுப்பின புதுச் சாமானடா. பொட்டு வைக்காமல் எப்பிடிப் பாவிக்கிறது?"

துடைத்தேன், தகடு முழுக்க மஞ்சள். அதை வெள்ளையென்று நம்பி நீ கழித்தால் அக்கா கிருஷ்ணர் மாதிரி நீலமாய் வருவா. ஸ்ரூடியோவில், கமரா மூடியைப் போட்டபடி ஓர் இருட்டுப் படமும் கேட்டேன். "மூடியோடை படமெடுக்க எனக்கென்ன விசரோ அண்ணை?" என்றார் ஸ்ரூடியோக்காரர் செபநாயகம். அக்கா தகட்டை ஒரு பக்கமாய் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ளாலை என்ரை பிள்ளை என்னைப் பாப்பானோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். உடனே தலைமயிரைத் தடவிச் சரிசெய்தா.

அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லையடா. போன ஆவணி மாதம் அவ தலை சுற்றி விழுந்தா. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவென்று குளிசை தந்தார்கள். முன்னால் நின்று விழுங்க வைக்கிறேன். முருங்கையிலையும் தின்கிறா. இப்போது என்னை ஏசுகிற சத்தம் மூன்று வளவு தாண்டிக் கேட்கிறது, அவ்வளவுக்குத் தேறிவிட்டா. உனக்குச் சொல்லாதே என்றது அவ. சுகமென்று எழுதிய கள்ளன் நான். இனி மாதாமாதம் உள்ளதைத்தான் எழுதுவேன். ஆனாலும் படத்தை நீயே வடிவாய்ப் பார்த்துக்கொள்.

அக்காவின் கொஞ்சலும் என் செல்லக் குட்டு ஒன்றும் உன் தலைக்கு.

இப்படிக்கு,
மாமா

பி.கு: படம் கடித உறைக்குள் அடங்கவில்லை. ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன். தகடும் அக்காவின் ஒரு கையும் அந்த ஓரத்தில் இருந்தன.