ஆறுமுகத்துக்கு நான் பெயர் வைத்த கதை

எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. தாதிப் பயிற்சியில் தொற்றியது, இன்னும் குணமாகவில்லை.

அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்ததும், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பெயர், எப்படி வந்தது, பொருள் என்ன, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதச் சுலபமா என்று கட்டம் போட்டுப் பதினெட்டுப் பெயர்களை எடைபோட்டேன். (குழந்தையை யாராவது எடைபோட்டார்களா என்று நினைவில்லை.) ஆறுமுகம் ஜெயித்தது. பொய்கையில் ஆறு குழந்தைகளாக வளர்ந்த முருகனைத் தாய் ஒரே அணைப்பில் ஒன்றாக்கியதால் வந்த பெயர். தவிர, எங்கள் அப்பாவின் பெயரும் அதுதான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி மட்டும் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கமலா, மாமா பேரச் சொல்லி நான் எப்படிம்மா பிள்ளையக் கூப்பிடுறது? வீட்டுக்கு ஒரு செல்லப்பேர் வெச்சுக்கிறேனே."

"ஒரு பிள்ளைக்கு ஒரு பேர்தான் அண்ணி. ரெண்டு இருந்தா ரிஜிஸ்டர்ல குழப்பம்."

மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம், நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு அண்ணி குழந்தையைத் தூக்கி வந்தாள். நான் பின்னறையில் கத்தரிக்கோல்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் தலைமைத் தாதி (மிஸ்ஸி என்போம்) தன் அரைத் தமிழில், "பேர் என்னா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி தலைகுனிந்தாள். மறுபடியும் கேட்டார். வேறு வழியில்லாமல் அண்ணி ஆறு விரல்களைக் காட்டி, தன் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

மிஸ்ஸி குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கன்னம் நிறைய வேர்க்குரு. முகத்தில் ஆறு நாளாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

"அம்மை! கமலா, லோஷன் கொண்டு வா!"

முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கிருமிநாசினி லோஷன் வாளியோடு ஓடினேன். பூட்டிய தனி அறைக்குள் என் மருமகன் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வாசலில் அண்ணி கதறினாள்.

"பிள்ளையக் கொண்டுபோகப் போறாங்க கமலா! நீயாவது அந்தப் பேரச் சொல்லித் தொலையேன்!"

சொன்னேன். அண்ணி ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

"மாமனார் செத்துப் போச்சா?" என்றார் மிஸ்ஸி.

"இல்ல மிஸ்ஸி. வீட்ல காப்பி குடிச்சிட்டிருக்கார்."

"அப்போ, இந்தப் பேர் யார் வெச்சது?"

வாளியில் லோஷன் சரியான அளவில் இருக்கிறதா என்று நான் மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

மிஸ்ஸி கன்னத்தைத் தடவிப் பார்த்து, வண்டியைத் திருப்பி அனுப்பி, பவுடர் டப்பா ஒன்றைக் கொடுத்தார். வீடு திரும்பும் வழியிலேயே அண்ணி அவனை "ராசா" என்று கூப்பிட்டாள். நான் ரிஜிஸ்டரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அன்று நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: 'பெற்றவள் வாயில் வருமா?'

ராசாவுக்கு இப்போது நான்கு வயது. "உன் முழுப்பேர் என்னடா?" என்று யார் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. அம்மாவைப் போலவே ஆறு விரல்களைக் காட்டி, முகத்தைச் சுற்றி வட்டம் போடுகிறான். அப்புறம் என்னைக் கைகாட்டி, "அத்தை வெச்சது" என்கிறான்.