ஊமை உளவாளிக்கு வந்த ஞானத்தகப்பன் பதவி

"உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்று கெய்ரோவில் மேஜர் கேட்டார்.

"பருத்தி தெரியும் சார். கையில எடுத்துப் பாத்தே எந்தத் தோட்டத்துப் பருத்தின்னு சொல்லிடுவேன்."

"வேற?"

"பிரெஞ்சு, அரபி, இத்தாலியன். தாய்மொழி கிரேக்கம்."

"எந்தக் கிரேக்கம்?"

"அலெக்சாந்திரியாக் கிரேக்கம் சார். மூணு தலைமுறையா எங்க குடும்பம் அங்கதான்."

"கிரீட் தீவு மலைக்காரன் மாதிரி பேச வருமா?"

பெரிக்லிஸ் பேசிக் காட்டினார். மேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"நீங்க ஊமை" என்றார்.

உலகப் போரை வென்றவை டாங்கிகளும் விமானங்களும் என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதிக்கொள்ளட்டும். உண்மையில் வென்றது மௌனம். அந்த மௌனத்தைக் காத்த மாவீரர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தால், முதல் வரியில் பெரிக்லிசின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும். பதினான்கு மாதம் எதிரியின் நடுவே இருந்துகொண்டு வாயே திறக்காதவர் அவர். திறக்க வேண்டிய இடத்திலும் திறக்காதவர் என்பது அவருடைய தனிச் சிறப்பு.

அவருடைய போலி அடையாள அட்டையில், ஒன்பது வயதில் கோவேறு கழுதை உதைத்துப் பேச்சுப் போனவர், தொழில் ஆடு மேய்த்தல் என்று எழுதியிருந்தது. பருத்தி ஏற்றுமதி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்த மனிதர், 1942 ஆகஸ்டில் கிரீட் தீவின் தெற்குக் கரையில் இறங்கினார். கால் கொப்புளங்களோடு இரண்டு நாள் மலையேறி, ஆனோபெத்ரா என்ற ஊரின் நீரூற்றை அடைந்தார். அங்கே கறுப்பு உடை உடுத்திய ஒரு பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே கெய்ரோவிலேருந்து வர்ற ரகசிய ஊமை?" என்றாள் அவள். "சீக்கிரம் வாங்க, நத்தைக் குழம்பு ஆறிக்கிட்டிருக்கு."

பெரிக்லிஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி திருதிருவென்று விழித்து, தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அட, நல்லாப் பண்றீங்களே! என்கிட்ட எதுக்கு? நான் கேப்டன் சிஃபிஸோட தங்கச்சி ஆர்கிரோ."

கேப்டன் சிஃபிஸ் அந்த மலைப் போராளிகளின் தலைவர். எந்த ராணுவமும் அவருக்குக் கேப்டன் பட்டம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆர்கிரோவின் கணவன், முந்தின வருடம் ஜெர்மானியர்கள் பாராசூட்டில் குதித்துத் தீவைப் பிடித்த மே மாதம், முயல் சுடும் துப்பாக்கியோடு போய்த் திரும்பி வராதவன். ஐந்து மாதம் கழித்துப் பிறந்தது ஒரு பெண் குழந்தை. ஞானத்தகப்பனாக இருக்க ஒப்புக்கொண்டிருந்தவனும் அதே சண்டையில் செத்துவிட்டதால், குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. ஞானஸ்நானம் ஆகாமல் அங்கே பெயர் கிடையாது. எல்லாரும் அவளைப் 'பூதக்குட்டி' என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்கேற்ப நடந்துகொண்டாள்.

பெரிக்லிஸ் வந்து சேர்ந்த மறுநாளே கேப்டன் சிஃபிஸ் 'ரகசியப் பாதுகாப்பு ஆலோசனைக் கூட்டம்' ஒன்றைக் கூட்டினார். ஊர் முழுக்கக் கலந்துகொண்டது. பக்கத்து ஊரிலிருந்து கல்யாணப் பேச்சுக்கு வந்திருந்த மூன்று பேரும், மரியாதைக்காக, உட்கார வைக்கப்பட்டார்கள்.

"இவரு ஊமையில்லங்கறது நம்ம ஊருக்குள்ளயே இருக்கணும்" என்றார் சிஃபிஸ். "ஏற்பவர்கள் கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பக்கத்து ஊர்க்காரர்களும் தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று முதல் பெரிக்லிஸ் கெய்ரோவுக்குச் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி இருந்த குகையிலும் ஆர்கிரோவின் அடுப்படியிலும் மட்டும் பேசலாம் என்று 'அனுமதி வழங்கப்பட்டது'.

போரில் அவருடைய பங்களிப்பு மகத்தானது. இரண்டு பாலங்களைத் தகர்த்தார். அதில் ஒன்று ஜெர்மானியர்களுடையது. மற்றது ஆனோபெத்ராவின் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகிற பாலம். இருட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஊரார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஆட்டுக்கும் கொஞ்சம் சுத்துப்பாதை நல்லதுதான்" என்றார் சிஃபிஸ். பெரிக்லிஸ் அதைக் கெய்ரோவுக்கு 'எதிரியின் கால்நடைப் போக்குவரத்து துண்டிக்கப்பட்டது' என்று அனுப்பினார். பாராட்டு வந்தது.

ஆனால் அவருடைய உண்மையான சாதனை அடுப்படியில் நடந்தது. அல்லது நடக்காமல் இருந்தது.

நீரூற்றில் கேட்ட முதல் வாக்கியத்திலேயே அவர் ஆர்கிரோவிடம் மனதைப் பறிகொடுத்திருந்தார். 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?' என்ற கேள்வியை அலெக்சாந்திரியா உச்சரிப்பிலும், முயன்றால் மலை உச்சரிப்பிலும், தனக்குள் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்துவிட்டார். கேட்கத்தான் இல்லை. பயிற்சிக் கையேடு, பக்கம் ஏழு: 'களப் பணியாளர் உள்ளூர்ப் பற்றுகளைத் தவிர்க்க வேண்டும்.' அந்தப் பக்கத்தை எழுதிய புண்ணியவானை அவர் தினமும் நன்றியோடு நினைத்துக்கொண்டார். அது இல்லாவிட்டால் தனக்கு வெறும் பயம் என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆர்கிரோ ஒன்றும் கேட்கவில்லை. அவர் கூடையை நீட்டினால் ரொட்டி வைத்தாள். காலை நீட்டினால் கொப்புளத்துக்கு மருந்து வைத்தாள். அவருடைய கிழிந்த சட்டையைத் தைக்கும்போது மட்டும் ஊசியைக் கொஞ்சம் கோபமாகக் குத்துவாள்.

1943 அக்டோபரில், திராட்சை மிதித்து முடித்த வாரத்தில், சிஃபிஸ் ஒரு குடுவை ராக்கிச் சாராயத்தோடு குகைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, ஊர் கூடி முடிவு பண்ணிட்டோம். பூதக்குட்டிக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பன்."

பெரிக்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். எந்த எதிரித் திட்டமும் இவ்வளவு துல்லியமாக அவரைக் குறிவைத்ததில்லை. ஒரு குழந்தைக்கு எண்ணெய் பூசி ஞானத்தகப்பன் ஆனவன், அந்தக் குழந்தையின் தாய்க்கு உடன்பிறந்தவன். திருச்சபைச் சட்டம் அது. அவளைக் கல்யாணம் செய்துகொள்வது அதன்பிறகு இந்த உலகத்திலும் நடக்காது, மேல் உலகத்திலும் நடக்காது.

"அண்ணே... வேற யாராவது தகுதியான ஆளா..."

"ஏன்? என் தங்கச்சி புள்ளைய உன் கையால தூக்க மாட்டியா?"

"அதுக்கில்ல அண்ணே. நான் ஊமை. ஞானத்தகப்பன் விசுவாசப் பிரமாணம் சத்தமாச் சொல்லணுமே?"

"கோயில் பாட்டுக்காரன் உனக்குப் பதிலா சொல்லுவான். பாதிரியார் 'போர்க்கால விதிவிலக்கு' குடுத்துட்டாரு. நீ தலைய ஆட்டு, எண்ணெயப் பூசு. போதும்." சிஃபிஸின் குரல் மெல்லத் தணிந்தது. "தம்பி, ஞானத்தகப்பனா இருக்க மாட்டேன்னு எங்க ஊர்ல கடைசியா ஒருத்தன் சொன்னான். அந்த ரெண்டு குடும்பமும் இன்னிக்கு வரைக்கும் ஒரே தெருவுல நடக்கறதில்ல. காரணம் ஏதாவது இருந்தாச் சொல்லு. கேட்டுக்கறேன்."

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. அங்கே நின்று இருபுறமும் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"ரொம்பப் பெருமையா இருக்கு அண்ணே" என்றார் பெரிக்லிஸ்.

சிஃபிஸ் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

அன்றே பெரிக்லிஸ் கெய்ரோவுக்கு அவசரச் செய்தி அனுப்பினார்: 'ஞானத்தகப்பன் பொறுப்பேற்க நிர்ப்பந்தம். மறுக்க உத்தரவு கோருகிறேன்.' பதில் நாலு மணி நேரத்தில் வந்தது: 'உள்ளூர் உறவுகள் மெச்சத்தக்கவை. ஏற்கவும். வாழ்த்துகள்.' பக்கம் ஏழை எழுதியவரும் இந்தப் பதிலை எழுதியவரும் ஒரே ஆள்தானா என்று அவர் நெடுநேரம் யோசித்தார்.

சனிக்கிழமை பகலில் ஆர்கிரோ விருந்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பூதக்குட்டி பெரிக்லிசின் மடியில் உட்கார்ந்து அவருடைய மூக்கைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றாள் ஆர்கிரோ, மாவைப் பார்த்தபடி.

"சம்மதம்தான். ஏன்?"

"வேண்டாம்னா இன்னிக்கே சொல்லிடலாம். எண்ணெய் பூசினப்புறம் சொல்ல முடியாது."

"வேண்டாம்னு நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவள் மாவைத் தூக்கிப் பலகையில் அடித்த அடியில், குழந்தை மூக்கை விட்டுவிட்டது.

"உங்களுக்குக் கெய்ரோவுல பேசாம இருக்கத்தான் பயிற்சி குடுத்தாங்களா?"

"ஆமா. ஆறு வாரம்."

"நல்லாக் குடுத்திருக்காங்க" என்றாள் ஆர்கிரோ.

ஞாயிற்றுக்கிழமை காலை சிறிய கற்கோயில் நிரம்பி, வெளியே அத்திமரம் வரை ஆட்கள் நின்றார்கள். வாராவாரம் முட்டையும் பாலாடைக்கட்டியும் பறிக்க வரும் ஜெர்மன் கார்ப்பரல் லூட்கே அன்று பார்த்து வந்து சேர்ந்தான். ஞானஸ்நான நாளில் வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புவது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். "வந்துட்டான், விருந்தாளி" என்றார் சிஃபிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "சாப்பிட்டுட்டுப் போகட்டும். சுடறதை அடுத்த வாரம் வச்சுக்கலாம்." அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆட்டுக்கறியும் சோறும் வேகும் வாசனையில் அவன் முகம் மலர்ந்திருந்தது.

பாதிரியார் கலினிகோஸ் மூன்று முறை கேட்டார், சாத்தானை விட்டு விலகுகிறாயா என்று. பெரிக்லிஸ் மூன்று முறையும் தலையாட்டினார். பாட்டுக்காரன் அவர் சார்பில் விசுவாசப் பிரமாணத்தை முழங்கினான். பூதக்குட்டியின் உடைகளைக் கழற்றினார்கள். அவள் அலறினாள். பாதிரியார் எண்ணெய்க் குடுவையைச் சாய்த்து, பெரிக்லிசின் குவிந்த கைகளில் ஊற்றினார்.

"பூசு, மகனே."

பெரிக்லிஸ் கைகளைப் பார்த்தார். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். துவாலையோடு நின்ற ஆர்கிரோ அவரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த புனிதர் படத்தை, ஏதோ அவர்தான் குற்றவாளி என்பதுபோல, முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

பெரிக்லிஸ் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"எண்ணெய் சூடோ?" என்றார் பாதிரியார்.

இல்லையென்று ஆட்டினார்.

"கூச்சப்படறான்" என்றாள் யாரோ ஒருத்தி. "அப்பன் செத்த புள்ளைன்னு மனசு தாங்கல" என்றாள் இன்னொருத்தி. ஊமைப் பாஷையில் 'எனக்கு இந்தத் தாயின்மேல் ஆசை' என்று காட்ட ஒரு சைகை இருக்கிறதா என்று பெரிக்லிஸ் யோசித்தார். இருந்த ஒரே சைகையைக் கோயிலுக்குள் காட்ட முடியாது. சிஃபிஸ் இரண்டடி முன்னே வந்தார். அவர் கை இடுப்புக் கத்தியின் பக்கம் போயிற்று.

"பூசுடா தம்பி" என்று உதடு அசையாமல் சொன்னார்.

"முடியாது!" என்றார் பெரிக்லிஸ்.

சத்தமாக. தெளிவாக. அப்பட்டமான அலெக்சாந்திரியா உச்சரிப்பில்.

அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. கார்ப்பரல் லூட்கே எழுந்து நின்றான். அவனுக்குத் தெரிந்த அரைகுறைக் கிரேக்கத்தில், "இவன்... ஊமை... பேசுது?" என்றான்.

பதினான்கு மாத ரகசியம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம். அதற்குள், கூட்டம் போடாமல், கை தூக்காமல், ஆனோபெத்ரா தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த தீர்மானத்தை நிறைவேற்றியது.

"அற்புதம்!" என்று கத்தினார் சிஃபிஸ்.

"அற்புதம்!" என்று கத்தினார் பாதிரியார். பெண்கள் சிலுவைக் குறி போட்டார்கள். பாட்டுக்காரன் ஓடிப்போய் மணியை அடித்தான். நிஜமாகவே கண்ணீர் விட்டவர்களும் இருந்தார்கள். தினமும் அடுப்படி ஜன்னல் வழியாக அவர் பேச்சைக் கேட்டவர்கள்தான். கார்ப்பரல் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். கோவேறு கழுதை உதைத்ததை முப்பது வருடம் கழித்து ஆண்டவர் சரிசெய்ததைத் தன் அம்மாவுக்கு எழுதப்போவதாகச் சொன்னான். பிறகு, ஆர்வம் தாங்காமல், "என்ன முடியாது?" என்று கேட்டான்.

மணி நின்றது. எல்லாரும் பெரிக்லிசைப் பார்த்தார்கள். சிஃபிஸின் கை இன்னும் கத்தியில்தான் இருந்தது.

"அது வந்து..." என்று பெரிக்லிஸ் முணுமுணுத்தார். மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். பழக்கம்.

அப்போது ஆர்கிரோ குழந்தையைத் துவாலையில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவருக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்றாள். கார்ப்பரலுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"எதிரிக்குத் தெரியக் கூடாததெல்லாம் இந்த மலை முழுக்கத் தெரியும். நீங்க ஊமையில்லன்னு தெரியும், குகை எங்கன்னு தெரியும், எந்தப் பாலத்தை எதுக்குப் பதிலா ஒடச்சீங்கன்னு ஆட்டுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அது ஒண்ணைத்தான் நீங்க ரகசியமா வச்சுக் காப்பாத்தினீங்க. இன்னும் ஒரு நிமிஷம் பேசாம இருந்தீங்கன்னா, எண்ணெய நானே உங்க கையப் புடிச்சுப் பூச வச்சுடுவேன்."

பெரிக்லிஸ் தன் உளவுத்துறை வாழ்க்கையை ஒரு கணம் பின்னோக்கிப் பார்த்தார். நாக்கைத் தியாகம் செய்த வீரர் யாரும் அதில் தென்படவில்லை. கையேட்டின் ஏழாம் பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு குமாஸ்தாதான் தெரிந்தார்.

விரல்களுக்கிடையே எண்ணெய் வழிய, இரண்டு கையையும் ஏந்தியபடியே, கோயில் வாசலில் அத்திமரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"நான் ஊமையுமில்ல, வீரனுமில்ல, ஆர்கிரோ. பதினாலு மாசமா பயந்து செத்தவன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"