தீர விசாரிப்பவரும் ஒரு கூரை கேரியரும்

பொருள் வாங்குகிறவர்கள் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பொருளைப் பற்றி விசாரிக்கிறவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. முதல் இனம் கடைக்குப் போகும், வாங்கும், வீட்டுக்கு வரும், சில சமயம் ஏமாந்தும் போகும், இரண்டு நாள் புலம்பிவிட்டு மறந்துவிடும். இரண்டாவது இனம் ஏமாறவே ஏமாறாது. எப்படி ஏமாறும்? வாங்கினால்தானே!

இந்த இரண்டாவது இனத்துக்குத் தீர விசாரிப்பவர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இவரைத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருப்பார். நீங்கள் ஆசையாகப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனால் குனிந்து, அதன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, "வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பார். அன்று முழுக்க அந்தச் செருப்பு உங்களைக் கடிக்கும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், எனக்கு நேர் மேல் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார். காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரி. உலகத்தில் எதெல்லாம் உடையும், கழன்று விழும், துருப்பிடிக்கும் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அவருக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். விடுமுறை முடிந்ததும் வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும். சைக்கிள் ஓட்டப் படித்த நாளிலிருந்து எங்கள் கார் நிறுத்துமிடத்துத் தூண்களையே சுற்றிச் சுற்றி வந்தவள், ஒருநாள் அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"அப்பா, நான் ஊருக்குப் போறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவை அந்த ஏரியைச் சுத்தி சைக்கிள் ஓட்டணும்பா."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் பொய்யில்லை, மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஏரி இருப்பது ஊருக்கு வெளியே, வெகுதூரத்தில். சைக்கிள்களைக் காரில்தான் கொண்டுபோக வேண்டும். உடனே சொன்னார்: "அதுக்கென்ன, கார் கூரைமேல ஒரு கேரியர் மாட்டிடலாம். கொஞ்சம் விசாரிக்கிறேன்."

கொஞ்சம்! இவர்கள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தால் வீட்டிலிருப்பவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவது நல்லது.

கூரை கேரியரில் மூன்று வகை என்று கண்டுபிடித்தார். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டுவது ஒன்று, சைக்கிளின் சட்டத்தைக் கவ்விப் பிடிப்பது ஒன்று, சட்டத்தைத் தொடாமல் சக்கரங்களை மட்டும் அணைத்துக்கொள்வது ஒன்று. சாதாரண மனிதனுக்கு இதில் மூன்று வசதிகள் தெரியும். இவருக்கு மூன்று ஆபத்துகள் தெரிந்தன. முதல் வகையில், கழற்றிய சக்கரத்தை எங்கே வைப்பது? இரண்டாவதில், கவ்விய இடத்தில் பெயிண்ட் போய்விடாதா? மூன்றாவதில், எதிர்க்காற்று பலமாக அடித்தால்?

"முன்சக்கரத்தைக் கழட்டிட்டு பின்சீட்ல சாய்ச்சு வச்சா போதாதாங்க?" என்று மனைவி கேட்டார்.

"சீட்ல செயின் எண்ணெய் படும்."

"ஒரு பழைய துணியை விரிச்சுக்கலாம்."

"என்ன துணி?" என்றார் இவர். மனைவி சமையலறைக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரின் கார்மேல் ஏற்கெனவே ஒரு கேரியர் உண்டு. லிஃப்டில் அவரை மடக்கினார்.

"டாக்டர், ஏன் இந்த கேரியரை எடுத்தீங்க?"

"கடையில இருந்தது. எடுத்தேன்."

"சரி, அதுக்கு முன்னாடி வேற எதையெல்லாம் பார்த்தீங்க?"

"வேறயா? வேற எதையும் பார்க்கலையே. நல்லாத்தான் இருக்கு."

நம்மவர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். கேரியரையே இப்படி எடுக்கிறவர் பல்லை எப்படி எடுப்பார்? அன்றிலிருந்து குடும்பத்தோடு வேறு டாக்டரிடம் போகிறார்.

பிறகு கடைப்படலம். ஒரு தடவை போனார், மறுபடி போனார், போய்க்கொண்டே இருந்தார். கடைக்காரர் முதல் நாள் நாற்காலி போட்டார். அடுத்த நாள் நின்றபடியே பதில் சொன்னார். அப்புறம் இவர் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே உள்ளறைக்குப் போய் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

"இது காத்துல சத்தம் போடுமா?"

"எல்லாமே கொஞ்சம் போடும் சார்."

"கொஞ்சம்னா?"

"சார், பாட்டு போட்டுக்கிட்டா கேக்காது."

"என்ன பாட்டு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கண்ணால் பார்த்தேன். சைக்கிளைக் கூரைக்குத் தூக்கத் தன் தோள் தாங்குமா என்று சோதிப்பதற்காக, ஒரு பை நிறையப் பழைய புத்தகங்களைப் போட்டு, காருக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பொறுக்க முடியாமல், "சைக்கிளையே தூக்கிப் பார்க்கலாமே சார்" என்றார். "அது வேற விஷயம்" என்று பதில் வந்தது. மகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் தூண்களைச் சுற்றப் போய்விட்டாள்.

இதற்கு நடுவில் ஃபோனில் ஒரு குழுவில் வேறு சேர்ந்துவிட்டார். உலகம் முழுவதிலுமுள்ள தீர விசாரிப்பவர்கள் அதில் கூடி, கேரியர் பூட்டின் சாவி மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று அடித்துக்கொள்கிறார்கள். அதில் பாதிப்பேரிடம் சைக்கிள் கிடையாது.

விடுமுறையின் கடைசி வாரத்தில் அதிசயம் நடந்தது. அவர் முடிவெடுத்துவிட்டார்! மனைவியையும் மகளையும் சோபாவில் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாவற்றையும் வடிகட்டி மிச்சமாக நின்ற அந்த ஒரே ஒரு கேரியரை அறிவித்தார். மகள் துள்ளி எழுந்தாள்.

"அப்போ சனிக்கிழமை போலாமாப்பா?"

"அதுல ஒரு சின்னச் சிக்கல்மா. அந்த கேரியர் நம்ம கார் கூரைக்குப் பொருந்தாது."

மகள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"கேரியர்ல குறை ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "இந்தக் கார்தான் சரியில்ல. அதனால கொஞ்சம் கார் விசாரிக்கலாம்னு இருக்கேன்."

சனிக்கிழமை காலை மனைவியின் அண்ணன் தன் பழைய காரில் வந்து இறங்கினார். மகள் மாமாவிடம் ஃபோனில் அழுதிருக்கிறாள் போலிருக்கிறது. காரின் கூரைமேல் ஒரு கிழிந்த மெத்தையைப் போட்டார். பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்த தன் சைக்கிளையும் சேர்த்து, மூன்று சைக்கிள்களையும் அதன்மேல் படுக்கவைத்தார். கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, வெளியே எடுத்து, இழுத்துக் கட்டினார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"வாங்க மாப்பிள்ளை, ஏறுங்க."

மாப்பிள்ளை காரைச் சுற்றி வந்தார். கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன கயிறு?"

"கயிறு மாப்பிள்ளை. கயிறு."

"இல்ல, எவ்வளவு எடை தாங்கும்னு..."

"அப்பா, ப்ளீஸ். ஏறுங்கப்பா," என்றாள் மகள். நாளை மறுநாள் அவள் ஊருக்குப் போகிறாள். அது அவருக்கும் தெரியும்.

"நீங்க முன்னாடி போங்க. நான் இதைப் பத்தி விசாரிச்சுட்டு, அடுத்த தடவை கண்டிப்பா வரேன்" என்றார். மாமாவும் அம்மாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். அப்பாவின் சைக்கிளை யாரும் அவிழ்த்து இறக்கவில்லை. அது தன் பாட்டுக்கு ஏரிக்குப் போய்வந்தது.

சாயங்காலம் மகள் வெயிலில் கறுத்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து, ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஏரிக்கரை, கலைந்த தலை, சிரிப்பு. அப்பா ஆவலோடு வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மகளின் முகம் திரையை விட்டு வெளியே போயிற்று. பின்னால் நின்ற காரின் கூரை திரை முழுக்க வந்தது.

"அந்த முடிச்சைப் பாரேன். எப்படித்தான் அவுழாம வந்து சேர்ந்தீங்களோ!"

மகள் ஃபோனை வாங்கிக்கொண்டு பெட்டி அடுக்கப் போய்விட்டாள். அவர் மனைவி என்னிடம் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நீங்களும் இப்போது அவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். "இப்படியும் ஒரு மனுஷனா? நானெல்லாம் அப்படி இல்லப்பா" என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அந்த ஏரி எப்படி இருந்தது, அந்தப் பெண் கரையில் யாரோடு போட்டி போட்டு ஓட்டினாள் என்று என்னிடம் கேட்கத் தோன்றியதா? அல்லது அவர் கடைசியில் தேர்ந்தெடுத்தது அந்த மூன்று வகையில் எந்த கேரியரை என்று நான் சொல்லாமல் விட்டுவிட்டேனே, அதுதான் இவ்வளவு நேரமாக உங்களை அரித்துக்கொண்டிருக்கிறதா?