அத்தை சொல்லித்தராத கடைசிச் சரணம்

மைக்கைப் பிடித்தவன் கண்ணுக்கு முன்வரிசை தெரிவதில்லை. என் கண்ணுக்குத் தெரியாமல் போனது சின்ன அத்தை.

எரியோட்டில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த பெரிய அத்தை மாரடைப்பில் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவருடைய திண்டுக்கல் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஜெபம். அத்தை வருஷா வருஷம் வகுப்பில் பாடிய பழைய அமெரிக்க நாட்டுப்பாடல் ஒன்றை, அவரிடம் படித்தவர்கள் வந்து பாடுவதாக ஏற்பாடு.

"ஏலே அப்பு, இங்கிலீஷ்ல பாடுனா நம்ம சனத்துக்கு என்ன புரியும்? அந்தப் பாட்டோட கதைய நீ செத்த நேரம் சொல்லிரு" என்றார் அப்பா.

அப்போதுதான் காலேஜில் ஆங்கில விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். (ஐடி கார்டுகூட வரவில்லை. நடை மட்டும் மாறியிருந்தது.) செல்போனில் பாட்டின் வரலாற்றைத் தேடி, பாதிவரை படித்தேன். சோகப் பாட்டு என்று தெரிந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்.

தங்கம் தோண்டப் போன ஒரு தகப்பன், அவனுடைய மகள், ஆறு, அவள் கால் தடுக்கி விழுந்தது, நீச்சல் தெரியாத காதலன் கரையில் நின்று கதறியது. குரலைத் தாழ்த்தித் தாழ்த்திச் சொன்னேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்தத் தெம்பில், போனைப் பார்த்தபடியே கடைசிச் சரணத்தையும் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

"காதலன் அவளை நினைத்து நினைத்து உருகினான். பிறகு அவள் தங்கச்சிக்கு ஒரு முத்தம் கொடுத்தான். செத்தவளை மறந்தே போனான்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அர்த்தம் புரிந்தது.

முன்வரிசையில் மாமா, பெரிய அத்தையின் கணவர். பக்கத்தில் சின்ன அத்தை, செத்துப்போனவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா போனதிலிருந்து அந்த வீட்டில் தங்கி மாமாவுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஊர் ஏற்கெனவே லேசாக முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது.

ஃபாதர் பைபிளைத் திறந்து தீவிரமாக எதையோ தேடினார். சின்ன அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, கடைசி வரிசைக்குப் போனார். மாமாவின் தோள் குலுங்கியது. ஐயோ, மனுஷனை அழவைத்துவிட்டேனே என்று பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரியத்தான்டா அவ பாடிப் பாடி என்னைய வம்பிழுப்பா. 'நான் போய்ட்டா நீங்களும் இப்படித்தான்'னு. எனக்கு அம்புட்டுக் கோவம் வரும். அதுக்குன்னே பாடுவா."

சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. கல்லறையில்கூட அழாதவர், அன்றைக்கு எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

பிறகு அத்தையிடம் படித்தவர்கள் பாடினார்கள். கடைசிச் சரணம் வரவே இல்லை. அத்தை அதை அவர்களுக்குச் சொல்லித்தரவில்லையாம். (நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.)

மிச்ச வரலாற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தேன். அந்தக் காலத்து அழுமூஞ்சிப் பாட்டுகளைக் கேலி செய்யக் கட்டிய பாட்டாம் அது. யார் கட்டியது என்றுகூடத் திட்டமாகத் தெரியாதாம். பாடப் பாட ஜனங்கள் கேலியை மறந்துவிட்டு, சோகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சின்ன அத்தை மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். மாமா சோறு பொங்கக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் குடும்பத்தில் எந்த விசேஷத்திலாவது நான் மைக்கைத் தொட்டால், பெண்கள் பக்கமிருந்து சின்ன அத்தையின் குரல் வரும்:

"ஏப்பா, கடைசி வரைக்கும் படிச்சுட்டியா?"

முதலில் சிரிப்பவர் மாமாதான்.